பழைய பேப்பர் கடைக்குப் போன பஸ் டிக்கெட் நோட்டு!

வீட்டில் சேர்த்த பொக்கிஷமெல்லாம் கடைசியில் என்ன ஆகிறது?

(நமது நிருபர்)

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. காலை 10 மணி.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு பக்கம் ரோஜாச் செடி. ஒரு பக்கம் கூண்டில் கோழி. நடுவில் ஓடாத டி.வி., கால் உடைந்த நாற்காலி, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி. "எது எடுத்தாலும் அம்பது! எது எடுத்தாலும் அம்பது!" என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

நான் போனது வேறு செய்திக்காக. அந்தச் செய்தி கிடைக்கவில்லை. திரும்பும்போது ஒரு கோணிச் சாக்கின்மேல் கண் போயிற்று.

சாக்கு நிறையப் பழைய புத்தகம். மேலாக ஒரு நீளமான கணக்கு நோட்டு. கெட்டி அட்டை. அட்டையில் சிவப்பு மையில் "1" என்று எழுதியிருந்தது.

திறந்தேன். கணக்கு இல்லை. அத்தனையும் பஸ் டிக்கெட்!

மஞ்சள், பச்சை, ரோஸ், வெள்ளை. ஒரு பக்கத்துக்கு 20 டிக்கெட். கோடு போட்டாற்போல் ஒட்டியிருந்தார்கள். பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972-ல் பிறந்தது அல்லவா? அந்த வருடத்து டிக்கெட்டிலிருந்து நோட்டு தொடங்குகிறது. நடுநடுவே ரெயில்வேயின் பழைய அட்டை டிக்கெட்டும் இருந்தது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி.

"5-6-72. புது வேலை. முதல் நாள். நின்றுகொண்டே போனது."

"பெண் பார்க்கப் போனது. திரும்பி வந்த டிக்கெட் தொலைந்துவிட்டது."

"மழை. பஸ் பாதியில் நின்றது. எழும்பூரிலிருந்து நடை."

எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையை டிக்கெட் டிக்கெட்டாக ஒட்டி வைத்திருக்கிறான். அது சந்தையில் சாக்குமேல் கிடக்கிறது.

"என்ன விலைங்க?"

"ஐந்நூறு குடு தம்பி. ஆன்டிக்!"

"எங்கே கிடைச்சுது?"

"பேப்பர் கடையில கிலோவுக்கு எடுத்தது. எந்த வீடோ யாருக்குத் தெரியும்?"

200 ரூபாய்க்கு முடிந்தது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மின்சார ரெயில் ஏறினேன்.

வண்டியில் உட்கார்ந்து புரட்டியபோது, கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு அட்டை மடியில் விழுந்தது. மின்சார வாரியம் கொடுக்கும் வெள்ளை அட்டை! ரீடிங் எடுக்க வருகிறவர் எழுதிவிட்டுப் போவாரே, அதுதான். அதில் தெருப் பெயர் இருந்தது. கதவு எண் இருந்தது. வடசென்னை.

திருட்டுக் கேசிலே போலீசார் சொல்வார்கள், "துப்பு கிடைத்துவிட்டது" என்று. எனக்கும் கிடைத்துவிட்டது.

"அய்யாவா? ஆறு வருஷம் ஆச்சு!"

மறுநாளே போய்ப் பார்த்தேன். மாடி வீடு. பூட்டியிருந்தது. "டு-லெட்" பலகை தொங்கியது.

வாசலில் இஸ்திரி வண்டி. அதன்மேல் நோட்டை வைத்துக் காட்டினேன். இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். சிரித்தார்.

"நம்ம அய்யா நோட்டு! தெருவுல யார் வந்தாலும் 'பஸ்ல வந்தியா, டிக்கெட் இருக்கா'ன்னு கேப்பாரு. நானே எத்தனையோ குடுத்திருக்கேன். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. அம்மா போன மாசம் தவறிட்டாங்க. பையன் வந்து வீட்டைக் காலி பண்ணிட்டாரு."

வீட்டுக்காரரிடம் மகனின் போன் நம்பர் கிடைத்தது. பேசினேன். "ஞாயிற்றுக்கிழமை வர்றேன் சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் இதே நோய் பிடித்த வேறு சிலரைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். (நோய் என்றது நான் இல்லை. அவர்கள் வீட்டு அம்மாமார்கள்!)

ஒருவர்கூடப் பெயர் போட ஒப்புக்கொள்ளவில்லை. "பேப்பர்ல பேர் வந்தா ராத்திரியே திருடன் வருவான்" என்றார் ஒருவர். அவர் வீட்டில் இருப்பது என்ன தெரியுமா? தீப்பெட்டி!

தீப்பெட்டித் தாத்தா

பெரம்பூரில் ஒரு சந்து. ஒண்டுக் குடித்தனம். தாத்தாவுக்கு வயது 73. ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலுக்குக் கீழே 11 பிஸ்கட் டின். அத்தனையிலும் தீப்பெட்டிப் படங்கள். யானை, மயில், கோழி, சாவி, கத்தரிக்கோல், ராக்கெட்.

"சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க தம்பி. அவங்க போகலைன்னா சிவகாசி ஏது? என் டின்தான் ஏது?" என்றார்.

முன்பெல்லாம் மெல்லிய மரத்தகட்டில் பெட்டி செய்து, அதன்மேல் படம் ஒட்டுவார்கள். அப்போது படத்தை எடுப்பது சுலபம். கிண்ணத்துத் தண்ணீரில் பெட்டியைப் போட்டால் கால் மணி நேரத்தில் படம் தனியாக மிதக்கும். அட்டைப் பெட்டி வந்த பிறகு பெட்டியையே பிரித்துத் தட்டையாக்கி வைக்க வேண்டியதாயிற்று. "ருசி போச்சு" என்று வருத்தப்பட்டார்.

2021 டிசம்பர் 1-ந்தேதி தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனதே, நினைவிருக்கிறதா? 14 வருடம் கழித்து ஏறிய விலை. ஊரே முணுமுணுத்தது. தாத்தாவோ மகிழ்ந்து போனார். விலை மாறினால் பெட்டியில் அச்சு மாறும். அச்சு மாறினால் அது புதுப்படம். அன்று மட்டும் 30 பெட்டி வாங்கினாராம்!

பக்கத்தில் நின்ற பாட்டி தலையில் அடித்துக்கொண்டார். "எங்க வீட்ல கேஸ் அடுப்புக்கு லைட்டர் தம்பி. இந்த 30 பெட்டியை நான் என்ன பண்ண?"

தபால்தலை சேர்ப்பவர்கள் கொஞ்சம் கவுரவமானவர்கள். ஆல்பம், இடுக்கி, பூதக்கண்ணாடி எல்லாம் உண்டு. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் இவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முன்பணம் கட்டிக் கணக்கு வைத்துக்கொண்டால் புதிதாக வரும் தபால்தலை வீடு தேடி வரும்.

சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்ப்பவர்கள் வேறு ரகம். கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற புத்தகம் அது. கதைச் சுருக்கம் போட்டு, கடைசியில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். அரக்கு இசைத்தட்டு சேர்ப்பவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருந்தது. கை தவறினால் அப்பளம்தான்!

இன்றைக்குப் பஸ்சில் மெஷின் டிக்கெட் வந்துவிட்டது. அதை நோட்டில் ஒட்டினாலும் பிரயோசனம் இல்லை. சூட்டில் எழுத்து விழும் காகிதம் அது. சில மாதத்தில் வெள்ளைத்தாளாக நிற்கும். வடசென்னை அய்யா புண்ணியவான். மை அழியாத காலத்தில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

"5 ரூபாய் காசுக்கு 5 லட்சம்!"

இனி கொஞ்சம் கிரைம். அது இல்லாமல் இந்த நிருபருக்குத் தூக்கம் வராது.

"வைஷ்ணவதேவி படம் போட்ட 5 ரூபாய் காசு இருக்கிறதா? லட்சம் தருகிறோம்." "786 நம்பர் நோட்டு இருக்கிறதா? போன் செய்யுங்கள்." இப்படிச் செய்தி உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். போன் செய்தால் தேனாகப் பேசுவார்கள். போட்டோ அனுப்பச் சொல்வார்கள். "உங்கள் காசு 5 லட்சத்துக்கு முடிந்துவிட்டது. வரியாக 4 ஆயிரம் மட்டும் முதலில் கட்டுங்கள்" என்பார்கள். கட்டுவீர்கள். அப்புறம் "கமிஷன்" என்பார்கள். அப்புறம் போன் அணைந்துவிடும்.

இதே பித்தலாட்டத்தைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 4-ந்தேதி எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தம் இல்லை. தன் பெயரில் கமிஷன், வரி வசூலிக்க யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை என்று அடித்துச் சொன்னது. ஆனாலும் ஏமாறுகிறவர்கள் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

லட்சக்கணக்கில் விலை போகும் சரக்கு இல்லாமல் இல்லை. 1948-ல் காந்தியடிகள் நினைவாக 10 ரூபாய்த் தபால்தலை வந்தது. அதில் "சர்வீஸ்" என்று மேலே அச்சடித்துக் கவர்னர் ஜெனரல் உபயோகத்துக்காகக் கொஞ்சமே கொஞ்சம் எடுத்தார்கள். அப்படி நான்கு ஒட்டியிருந்த ஒரு துண்டு 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்குப் போனது! உடனே உங்கள் தாத்தா ஆல்பத்தைத் தேடாதீர்கள். "சர்வீஸ்" போட்ட 10 ரூபாய் அதில் இருக்காது.

சேர்ப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2016 நவம்பரில் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டு எத்தனை வைத்திருக்கலாம்? 10 நோட்டு வரை தப்பில்லை. ஆராய்ச்சிக்காக, நாணயச் சேகரிப்புக்காக என்றால் 25 வரை வைக்கலாம். அதற்கு மேல் அகப்பட்டால் 10 ஆயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பைப் போல 5 மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். 2017-ல் போட்ட சட்டம் இது. "அப்படியா?" என்று எத்தனை பேர் என்னிடமே கேட்டார்கள் தெரியுமா? ஒருவர் உள்ளே போய் எண்ணிவிட்டு வந்து, "நல்லவேளை, 9" என்றார்.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் அது உங்கள் கலெக்ஷன் ஆகாது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ம் வருடத்துச் சட்டம். அந்த 10 ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது! நூறு வருடம் தாண்டிய சிலை கிலை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

திருடனைவிடப் பெரிய திருடன்

இத்தனை பேரைப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. திருடன் கொண்டு போனதைவிடத் தண்ணீரும் தீயும் பூச்சியும் கொண்டு போனது அதிகம்.

கரையான் மட்டும் எதிரி என்று நினைத்திருந்தேன். இல்லை. ராமபாணம் என்று ஒரு பூச்சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கத்தில் வெளியே வரும். வழியில் உள்ளதெல்லாம் ஓட்டை. வசம்பு, வேப்பிலை, பாச்சை உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் செய்கிறார்கள்.

2015 டிசம்பர் 1-ந்தேதி ராத்திரியை மறக்க முடியுமா? அடையாறு கரை புரண்ட ராத்திரி. ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் 40 வருடமாகச் சேர்த்த தபால்தலை, தரைத்தளத்து அலமாரியில் இருந்தது. தண்ணீர் இடுப்பளவு வந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். தண்ணீர் வடிந்தபிறகு வந்து திறந்தால், ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. தபால்தலைக்குப் பின்னால் கோந்து இருக்கிறது அல்லவா? அதுவே எமனாகிவிட்டது. "தூக்கிப் போட மனசு வரலை" என்று அந்தக் கட்டியை இன்னும் வைத்திருக்கிறார். எனக்கு எடுத்துக் காட்டினார். செங்கல் மாதிரி இருந்தது.

பழைய ஆட்கள் மூர் மார்க்கெட்டைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். சென்ட்ரல் பக்கத்தில் 1900-ம் ஆண்டு திறந்த சிவப்புக் கட்டிடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, காசு, எது வேண்டுமானாலும் அங்கேதான். 1985 மே 30-ந்தேதி தீப்பிடித்து எரிந்தது. கடைக்காரர்களுக்குப் பின்னால் அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். எரிந்த சரக்கு எரிந்ததுதான். தீப்பெட்டித் தாத்தா அன்று சாயங்காலம் அங்கே போய் நின்றாராம். "காகிதச் சாம்பல் பறந்து வந்து சட்டையில ஒட்டுச்சு தம்பி. ஒரு சாம்பல் துண்டுல எழுத்துகூடத் தெரிஞ்சுது" என்றார்.

ஆனால் தண்ணீரும் இல்லாமல் தீயும் இல்லாமல் போகிற சரக்குதான் அதிகம். சேர்த்தவர் கண்ணை மூடுவார். பதினாறாம் நாள் காரியம் முடியும். வாசலில் தராசுக்காரர் வந்து நிற்பார்.

உ.வே.சாமிநாத அய்யருக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்குப் போனார். ஏடெல்லாம் எங்கே என்று கேட்டார். பழுதான ஏடுகளை நெய்யில் நனைத்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தது! வைத்திருந்தவர்களுக்கு அது குப்பை. தேடிப் போனவருக்கு உயிர். அன்றைக்கு ஹோமம். இன்றைக்குத் தராசு.

தப்பிப் பிழைத்தவை

எல்லாம் இப்படியே போய்விடவில்லை. தப்பியதும் உண்டு. அதற்கும் பல்லாவரத்துக்கே திரும்பி வர வேண்டும். நான் நோட்டு வாங்கிய அதே பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் குடியிருந்தார். வீட்டில் சுமார் 4 ஆயிரம் புத்தகம் சேர்த்து வைத்திருந்தார். 1950-ல் காலமானார். ஆனால் போகும் முன்பே, தம்முடைய புத்தகங்கள் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அவற்றை வைத்து 1958-ல் லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரிலேயே நூல்நிலையம் திறந்தார்கள். பின்னர் அது எழும்பூர் கன்னிமாரா நூலகக் கட்டிடத்துக்கு வந்தது.

அடுத்தது ரோஜா முத்தையா. இவர் கதையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

காரைக்குடி பக்கம் கோட்டையூர். அங்கே விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பெரிய படிப்பு இல்லை. பெரிய பதவி இல்லை. பழைய தமிழ்ப் புத்தகம் என்றால் மட்டும் உயிர். வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். புத்தகம் மட்டுமா? பழைய பத்திரிகை, நாடக நோட்டீசு, சினிமா நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை. மற்றவர்கள் படித்துவிட்டுக் கசக்கி எறிந்ததையெல்லாம் இவர் பிரித்து, நீவி, அடுக்கினார். மொத்தம் சுமார் 1 லட்சம் உருப்படி சேர்ந்துவிட்டது. வீடு முழுக்கக் காகிதம். பூச்சி அரிக்காமல் காவல் காப்பதே தனி வேலை.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. கோட்டையூர் தேடி வந்தார்கள். காலேஜில் இல்லாத புத்தகம் இந்தப் பலகை எழுதுகிறவர் வீட்டில் இருந்தது!

1992-ல் முத்தையா இறந்தார். அடுத்து என்ன? அத்தனையும் சிதறிப்போகக்கூடிய நேரம். கை கொடுத்தது யார் தெரியுமா? அமெரிக்காவில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகம்! 1994-ல் மொத்தத்தையும் வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் நூலகமாக்கியது. முதலில் முகப்பேரில் இருந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. பெயர் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய பக்கங்களையெல்லாம் மைக்ரோ பிலிம் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பழைய நோட்டீசு ஒன்றைக் கை நடுங்காமல் இரண்டு விரலால் தூக்கி வைக்கிறார்கள். தெருவில் ஒட்டி, ஆடு தின்றது போக மிஞ்சியிருக்க வேண்டிய நோட்டீசு அது.

ஏழு கடல் தாண்டி ஒருவர் வந்து வாங்க வேண்டியிருந்ததே என்று எனக்குச் சுருக்கென்றது. இங்கே பணக்காரர் இல்லையா? இருந்தார்கள். சரி, போகட்டும்.

பிலிம் நியூஸ் ஆனந்தனை சினிமா ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். "நாடோடி மன்னன்" (1958) படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்தவர். எந்தப் படம் எந்த வருடம், யார் நடித்தது, யார் இசை என்று கேட்டால் உடனே சொல்வார். ஸ்டில் படம், பாட்டுப் புத்தகம், தகவல் எல்லாம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே தமிழக அரசு அந்தச் சேகரிப்பை வாங்கிக்கொண்டது. 2004-ல் தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் பெரிய புத்தகமாகவும் கொண்டுவந்தார். 2016-ல் காலமானார்.

மறைமலையடிகள் உயில் எழுதினார். ஆனந்தன் இருக்கும்போதே கொடுத்துவிட்டார். முத்தையா வீட்டு வாசலுக்கு வாங்குகிறவர் வந்தார். நம் தெருக்காரர்களுக்கு இந்த மூன்றும் கிடைப்பதில்லை.

இதைத் தீப்பெட்டித் தாத்தாவிடம் கேட்டேன். "உங்களுக்குப் பிறகு இந்த 11 டின்?"

தாத்தா பதில் சொல்லவில்லை. டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே எத்தனை படம், எந்த வருடம், இந்த டின் யாருக்கு என்று எழுதியிருந்தது. 9 டின் பேத்திக்கு. 2 டின் எதிர்வீட்டுப் பையனுக்கு.

"பேத்திக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை. சொன்னா வேணாம்னுடுவாளோன்னு பயம்."

18-11-74

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகனும் வந்தார். தலை நரைத்தவர். தனியார் கம்பெனியில் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நோட்டை வாங்கினார்.

"அப்பாவோடதுதான். எங்கே கிடைச்சுது சார்?"

சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அம்மா காரியம் முடிஞ்ச மறுவாரமே வீட்டைக் காலி பண்ணணும். எனக்கு லீவு இரண்டு நாள்தான். எங்க வீடோ இரண்டு ரூம். பரண்ல மூட்டை மூட்டையா இருந்தது. எது எதுன்னு பார்க்க நேரமில்லை. ஆள் வந்தான், தூக்கிக் குடுத்துட்டேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் வாடகைக்கு இருக்கிற யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அப்பா எதுக்குச் சேர்த்தார்னு சொல்லியிருக்காரா?"

"நான் கேட்டதே இல்லை சார். சின்ன வயசுல கூட்டாளிங்க கேலி பண்ணுவாங்க, 'டிக்கெட் வீட்டுப் பையன்'னு. எனக்கு அந்த நோட்டைப் பார்த்தாலே கோபம் வரும்."

அவர் பிறந்த நாள் எது என்று கேட்டேன். 1974 நவம்பர் 17 என்றார். நான் முன்பே அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தேன். திறந்து கொடுத்தேன்.

பச்சை டிக்கெட். ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. கீழே இரண்டு வரி.

"18-11-74. பையன். நேற்று ராத்திரி 11-50. இன்று முதல் பஸ்சில் போய்ப் பார்த்தேன். கண்டக்டர் சில்லறை வாங்கவில்லை. டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்தார்."

ஹெல்மெட்டைக் கழற்றினார். இஸ்திரி வண்டி ஓரம் போய் நின்றுகொண்டார். இஸ்திரிக்காரர் எதுவும் பேசாமல் துணியை நீவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தார். "இதுல 1-ன்னு போட்டிருக்கே? இன்னும் இருக்கணும் சார். ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஒட்டினாரு. மூணு நோட்டாவது இருக்கும்."

இரண்டு பேருமாகப் பழைய பேப்பர் கடைக்குப் போனோம். பக்கத்துத் தெருதான். கடைக்காரர் நோட்டைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"இதுமாதிரி இன்னும் ரெண்டு இருந்துச்சு சார். பல்லாவரத்துக்காரரு ஒண்ணுதான் எடுத்தாரு. மத்தது மூட்டையோட போயிடுச்சு. செவ்வாக்கிழமை லாரி."

"எங்கே போயிருக்கும்?"

"மில்லுக்குதான். போன அன்னிக்கே கூழாயிருக்கும் சார்."

மகன் கடைக்குள் எட்டிப் பார்த்தார். கூரை வரைக்கும் பேப்பர் கட்டு. ஒரு கட்டின்மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு எங்க வீட்டுச் சரக்கு எவ்வளவு இருந்தது?"

கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். "41 கிலோ. கிலோ 12. மொத்தம் 492. உங்க கையிலதான சார் குடுத்தேன்?"

"ஆமா, குடுத்தீங்க" என்றார் மகன். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு ஆட்டோவுக்குச் சரியாப் போச்சு சார்" என்றார்.